ஹில்லா, பேரா, இஷியா? வில்வேட்டையில் யார் பெரியவர்

2 அக்டோபர்

கேள்வி கேட்டவர் எழுதியிருப்பது: “கப்பி, குறிபார்க்கும் சைட், நாணை விடும் ரிலீஸ் கருவி எதுவும் இல்லாத பழைய வில்லில் இதுவரை வந்தவர்களிலேயே பெரிய ஆள் ஹோவர்ட் ஹில்தான். வில்வேட்டையிலும் அவர்தான். மறுப்பு உண்டா?”

உண்டு. பாதிக்கு மட்டும். அம்பு எய்வதில் ஹில்லுக்கு மேல் ஒருவரை என்னால் காட்ட முடியாது. வேட்டை என்று வந்தால் முதல் பெயர் இஷி. பிறகு, மிச்சிகனில் வில் தொழிற்சாலை நடத்திய ஃப்ரெட் பேர். ஹில் அதற்கப்புறம்தான்.

ஹில் செய்தது சாதாரணமில்லை. 1899இல் அலபாமாவில் பிறந்தவர். காட்டுப் பாதையில் நடந்து நடந்து இலக்குகளை எய்யும் ஃபீல்டு ஆர்ச்சரி போட்டிகளில் தொடர்ந்து 196 வெற்றி. 1938இல் வந்த ராபின் ஹூட் படத்தில் எரால் ஃப்ளின் எய்வதாக நாம் பார்க்கும் கடினமான அம்புகள் ஹில் கையிலிருந்து போனவை. சண்டைக் கலைஞர்கள் உடைக்குள் இரும்புத் தகடும் அதன்மேல் பால்சா மரப்பலகையும் கட்டிக்கொண்டு நின்றார்கள். அம்பு ஒன்றுக்கு 150 டாலர் கூலி. நிஜ அம்பு நெஞ்சுக்கு வருகிறது என்று தெரிந்தே நகராமல் நின்றிருக்கிறார்கள். எய்பவர் கை பிசகாது என்ற உறுதி இல்லாமல் யாரும் அப்படி நிற்க மாட்டார்கள். 1950களின் தொடக்கத்தில் ஆப்பிரிக்காவுக்குப் போய் 100 பவுண்டுக்கும் மேல் இழுவை (நாணை முழுசாக இழுக்கத் தேவையான பலம்) உள்ள லாங்போவால், அதாவது நீண்ட நேர் வில்லால், யானையைச் சாய்த்தார். இதையெல்லாம் மதிக்கிறேன். ஆனாலும் என் முதலிடம் இஷிக்குத்தான். காரணம் நாளைக்கு.

2 அக்டோபர், இரவு

“இஷி யார்?” என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள், நாளை வரை தள்ள வேண்டாம்.

1911 ஆகஸ்ட் 29 அன்று கலிஃபோர்னியாவில் ஓரோவில் ஊரை ஒட்டிய இறைச்சிக் கூடத்தில் பட்டினியால் வாடிய ஒரு மனிதரைப் பிடித்தார்கள். யாஹி இனத்தில் மிஞ்சியவர் அவர் ஒருவரே. 1860களில் வெள்ளைக் குடியேறிகள் அந்த மக்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றார்கள். தப்பிய சிலர் டீர் கிரீக், மில் கிரீக் பள்ளத்தாக்குகளில் சுமார் 40 வருஷம் யார் கண்ணிலும் படாமல் வாழ்ந்தார்கள். 1908இல் நில அளவைக்காரர்கள் அவர்களுடைய குடியிருப்பில் தடுக்கி விழுந்து, வில் அம்பு உட்படக் கையில் கிடைத்ததை அள்ளிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு இஷியின் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். தனி ஆளாக ஊருக்குள் வந்தவரை சான் ஃபிரான்சிஸ்கோவில் இருந்த கலிஃபோர்னியா பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் தங்கவைத்தார்கள். 1916 மார்ச் 25 அன்று காசநோயில் இறந்தார்.

அருங்காட்சியகத்தை ஒட்டிய மருத்துவக் கல்லூரியில் சாக்ஸ்டன் போப் என்ற அறுவை மருத்துவர் இருந்தார். இஷிக்கு வைத்தியம் பார்த்தவர், இஷியிடம் வில் கற்றவர். 1918இல் யாஹி வில்வித்தை பற்றி ஓர் ஆய்வும், 1923இல் வில்வேட்டை பற்றி ஒரு புத்தகமும் எழுதினார். அமெரிக்காவில் இன்று வில்லோடு காட்டுக்குப் போகிறவர்கள் முக்கால்வாசிப் பேரின் குரு பரம்பரையைப் பின்னோக்கிப் போனால் போப்பிடம் வந்து நிற்கும். போப்புக்கு முன்னால் இஷி.

5 அக்டோபர்

சரி, காரணம்.

நான் மிச்சிகனில் இருக்கிறேன். இங்கே வில் சீசன் அக்டோபர் 1 தொடங்கி நவம்பர் 14 வரை, பிறகு துப்பாக்கிக்காரர்களுக்கு வழிவிட்டு டிசம்பரில் மறுபடி திறக்கும். என் வில் 47 பவுண்டு ரீகர்வ், நுனிகள் முன்பக்கம் வளைந்த வகை. அம்பு விநாடிக்கு ஏறக்குறைய 170 அடி போகும். மான் 20 கஜத்தில் நிற்கிறது என்று வையுங்கள். 60 அடி. அம்பு போய்ச் சேர 0.35 விநாடி. நாண் அடிக்கும் சத்தமோ 0.05 விநாடியில் மானின் காதுக்குப் போய்விடும். மிச்சம் 0.3 விநாடி மானுக்கு. வெண்வால் மான் துள்ளி ஓடுவதற்கு முன்னால் காலை மடக்கி உடம்பைக் கீழே இறக்கும். 0.3 விநாடியில் அது இறங்கும் ஆழத்துக்கு, நெஞ்சுக்குக் குறிவைத்த அம்பு முதுகுக்கு மேலே போய்விடும். வில்லாளி எந்தத் தப்பும் செய்யாமலேயே அம்பு வீண்.

அதே மான் 12 கஜத்தில் என்றால் மிச்ச நேரம் 0.2 விநாடிக்கும் கீழே. இறங்கத் தொடங்குவதற்குள் அம்பு உள்ளே.

இப்போது ஹில்லுக்கு வாருங்கள். 185 கஜத்தில் ஓர் எல்க்கை (பெரிய வகை மான்) வீழ்த்தியதை அவரே எழுதியிருக்கிறார். 555 அடி. அம்புக்குக் கிட்டத்தட்ட 3 விநாடி. சத்தம் அரை விநாடியில் போய்விடும். மீதி இரண்டரை விநாடி அந்த எல்க் ஓர் அடி எடுத்து வைத்திருந்தால் நெஞ்சுக்குப் போக வேண்டியது வயிற்றில் இறங்கியிருக்கும். வயிற்றில் அம்பு வாங்கிய விலங்கு மணிக்கணக்கில் சாகும், பெரும்பாலும் கையிலும் கிடைக்காது. அம்பு சரியான இடத்தில் போய்ப் பட்டது ஹில்லின் திறமை என்று சொல்வேன். அதை விட்டதை வேட்டைத் திறமை என்று சொல்ல மாட்டேன். மரபு வில்லில் வேட்டைக்காரனின் பெருமை, எவ்வளவு கிட்டே போனான் என்பதில் இருக்கிறது.

இஷி அந்தக் கிட்டத்தின் ஆசான். அவருடைய வில் மலை ஜூனிப்பர் மரத்தில் செய்தது, முதுகில் நரம்பு ஒட்டியது, இழுவை 45 பவுண்டு அளவில். ஹில்லின் யானை வில்லில் பாதிகூட இல்லை. அதை வைத்து நாற்பது வருஷம்.

6 அக்டோபர்

ராபின் ஹூட் படத்தில் அம்பை அம்பு பிளக்கும் காட்சியும் ஹில் நிஜமாகச் செய்ததா என்று ஒருவர் கேட்கிறார். மர அம்பின் பின்முனையில் இன்னொரு அம்பு குத்தினால் மரத்தின் ரேகை எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமாகச் சிம்பு பிரிந்து வெளியே வந்துவிடும். பின்முனையிலிருந்து தலைவரை வாழைத்தண்டு மாதிரி இரண்டாகப் பிளக்காது. தொலைக்காட்சியில் சோதித்துப் பார்த்தவர்களுக்கும் பிளக்கவில்லை. படத்துக்காக ஏற்பாடு செய்த காட்சி என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஹில்லின் பெருமைக்கு அந்த ஒரு அம்பு தேவையுமில்லை.

9 அக்டோபர்

“இஷி குறிபார்த்து எய்வதில் சுமார்தானே, போப்பே அப்படித்தானே எழுதினார்?” என்று கேட்ட தம்பிக்கு.

ஆமாம், போப் எழுதியிருக்கிறார். 40, 50, 60 கஜத்தில் வட்டப் பலகையில் போப்பும் நண்பர்களும் சீக்கிரமே இஷியைத் தாண்டிவிட்டார்கள். ஆனால் இஷி தனக்கென்று வைத்துக்கொண்ட குறி என்ன? காடை அளவுக்கு ஒரு சின்னக் குறி, கிட்டத்தில். சின்ன உருவத்தைப் பக்கத்தில் வைத்து அடிப்பதுதான் அவருக்குப் பயிற்சி. ஏனென்றால் காட்டில் அவர் சாப்பிட்டது அணில், முயல், காடை. 60 கஜத்தில் நாலடி அகல வட்டம் எதையும் அவர் ஒருநாளும் சமைத்ததில்லை.

முயலை அழைக்கும் விதத்தை போப் பக்கத்தில் இருந்து பார்த்து எழுதியிருக்கிறார். விரல்களை உதட்டோடு ஒட்டி உறிஞ்சி, அடிபட்ட முயல் கீச்சிடுகிற மாதிரி ஒரு சத்தம். புதருக்குள்ளிருந்து முயல் தானாக வெளியே வந்து இஷியை நோக்கி வரும். ஒருமுறை முயலுக்குப் பதில் காட்டுப்பூனை வந்தது. முயல் அடிபட்டுக் கிடக்கிறது, சுலபமாகக் கிடைக்கும் என்று நினைத்து அதுவும் வந்திருக்கிறது.

வேட்டைக்கு முந்தைய நாட்களில் புகையிலை கிடையாது, மீன் கிடையாது. காலையில் ஓடையில் குளியல், உடம்பெல்லாம் வாசனை இலை தேய்ப்பு, வேட்டை முடியும்வரை சாப்பாடு இல்லை. இன்று கடைகளில் வாசனை மறைக்கும் சோப்பும் ஸ்ப்ரேயும் காசு கொடுத்து வாங்குகிறோம். நானும் வாங்கியிருக்கிறேன். காற்று நம்மிடமிருந்து மானை நோக்கி அடித்தால் எந்த ஸ்ப்ரேயும் உதவாது. காற்றைப் பார்த்து உட்காரும் இடத்தை மாற்றிக்கொண்ட நாட்களில்தான் மான் கிட்டே வந்திருக்கிறது.

அப்புறம் ஒன்று. இஷி வில்லை எப்போதும் படுக்கவைப்பார். நிற்கவைத்தால் வில் உழைத்துக்கொண்டே இருக்கும், வியர்க்கும், பலம் போய்விடும் என்பார். சில நேரம் வில்லின் ஒரு நுனியை வாயில் வைத்து அம்பால் நாணைத் தட்டி வாசிப்பார். இதைப் படித்த நாளிலிருந்து நானும் வில்லைச் சுவரில் சாய்ப்பதில்லை.

10 அக்டோபர்

குறிபார்க்கும் முறை பற்றிக் கேட்டவர்களுக்குச் சுருக்கமாக. ஹில் கண்ணை இலக்கில் வைத்துக்கொண்டே அம்பின் நுனி எங்கே தெரிகிறது என்பதை ஓரப்பார்வையில் கவனிப்பார். ஃப்ரெட் பேர் எதையும் அளக்கமாட்டார், இழுத்த வேகத்தில் விடுவார். இஷி பெருவிரலால் நாண் இழுப்பார், மங்கோலிய முறைக்குக் கொஞ்சம் பக்கத்தில். மூன்றும் வேலை செய்கிறது.

என் பாடு வேறாக இருந்தது. சில வருஷங்களுக்கு முன்னால் மஞ்சள் வட்டத்தில் கண் பட்டவுடன் விரல் தானாக விட்டுவிடும் பிரச்சினை வந்தது. நடுவிரல் வாயோரத்தில் வந்து படுவதற்கு முன்பே அம்பு போயிருக்கும். வில் பிடிப்பவர்கள் நிறையப் பேருக்கு இது வரும், வெளியே சொல்வதில்லை. எனக்கு வில் சொல்லிக்கொடுத்த பெரியவர் வட்டத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு, வெறும் வைக்கோல் கட்டின் முன்னால் மூன்று எட்டுத் தூரத்தில் நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டு எய் என்றார். ஒரு குளிர்காலம் முழுக்க அதுதான். விரல் வாயோரத்தில் பட்டு, தோள்பட்டை எலும்பு முதுகில் நெருங்கி, அதற்கப்புறம் விடுவது. இலக்கே இல்லாதபோது கை பதறுவதில்லை. வசந்தத்தில் வட்டத்தை மறுபடி மாட்டினோம்.

196 போட்டிகள் வரிசையாக ஜெயித்தவர் தலைக்குள் எவ்வளவு அமைதி இருந்திருக்க வேண்டும் என்பது அந்தக் குளிர்காலத்தில்தான் எனக்கு உறைத்தது.

14 அக்டோபர்

ஃப்ரெட் பேர் ஏன் ஹில்லுக்கு மேல்?

1902இல் பென்சில்வேனியாவில் பிறந்து, டெட்ராய்ட் கார் கம்பெனியில் பேட்டர்ன் (வார்ப்புக்கான மாதிரி செய்யும்) வேலை பார்த்தவர். 1927இல் ஆர்ட் யங் தன் அலாஸ்கா வேட்டைப் படத்தை டெட்ராய்ட்டில் காட்டியபோது பார்க்கப் போனார். ஆர்ட் யங் யார் என்றால் போப்பின் வேட்டைத் துணை. 1920இல் இருவரும் யெல்லோஸ்டோனில் கிரிஸ்லி கரடிகளை அம்பால் வீழ்த்தினார்கள். யங்கிடம் வில் செய்யக் கற்றார் பேர். வலது கையில் ஒரு விரலின் நுனி இல்லாததால் இடது கையால் நாண் இழுத்தார். 1929இல் வில்லோடு காட்டுக்குப் போகத் தொடங்கியவருக்கு முதல் மான் கிடைத்தது 1935இல். இந்த இடைவெளியைத்தான் நான் கவனிக்கச் சொல்கிறேன். ஆறு வருஷம் வெறுங்கையோடு வீடு திரும்பியவர் கற்றுக்கொள்வது வேறு ரகம். காற்று, நிழல், எப்போது அசையக்கூடாது, எப்போது வில்லை உயர்த்தவே கூடாது என்பதெல்லாம் அந்த வருஷங்களில்தான் ஏறும்.

1933இல் கம்பெனி வேலை போன பிறகு வில் தொழிலில் இறங்கினார். 1947இல் மிச்சிகன் வடக்கே கிரேலிங்குக்குத் தொழிற்சாலையை மாற்றினார். கண்ணாடியிழை பூசிய ரீகர்வ் வில்லை சாதாரண வேலைக்காரன் வாங்கும் விலைக்குக் கொண்டுவந்தது அவர் காலத்து வேலை. வேட்டையில் கரடி, மலையாடு, 1963இல் இந்தியாவில் புலி. புலியைப் பற்றி என் மனசு ஒப்பவில்லை. அன்று சட்டம் அனுமதித்தது, இருந்தாலும் அந்தப் படத்தை என்னால் ரசித்துப் பார்க்க முடியவில்லை.

14 அக்டோபர், பிற்பகல்

“பேர் கம்பெனி முதலாளி, விளம்பரத்துக்காக வேட்டையாடினார்” என்கிறார் ஒருவர். விளம்பரமும் இருந்தது, உண்மை. ஆனால் கேமராக்காரரையும் கூடவே கூட்டிக்கொண்டு கரடிக்குப் பக்கத்தில் போவது தனியாகப் போவதைவிடக் கஷ்டம். இரண்டு ஆளின் வாசனை, இரண்டு ஆளின் காலடி.

19 அக்டோபர்

நாமக்கல் அண்ணன் ஒருவர் சூடாகக் கேட்டிருக்கிறார்: “அமெரிக்காக்காரன் பேரையே சொல்றீங்க, வல்வில் ஓரி எங்கே?”

நியாயமான கேள்வி, அண்ணா. புறநானூறு 152, வன்பரணர் பாடியது. ஓர் அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, புள்ளிமானை உருட்டி, காட்டுப்பன்றியைச் சாய்த்து, பக்கத்துப் புற்றில் இருந்த உடும்பில் போய்த் தைக்கிறது. புலவர் புகழ்ந்து பாடியதை ஹில்லின் யானையோடு எண்ணிக்கையில் ஒப்பிட மாட்டேன். ஆனால் வேட்டை தெரிந்த ஒருவர் சொல்லிக் கேட்டு எழுதிய பாட்டு அது என்று நான் நம்புகிறேன். பெரிய உடம்பிலிருந்து சின்ன உடம்புக்கு வரிசை இறங்குகிறது. கடைசியில் அம்பு நிற்கும் இடத்தையும் சொல்லிவிடுகிறார். எய்த அம்பு எங்கே போய் நின்றது என்று தேடிப் போகிறவனுக்குத்தான் அந்த உடும்பும் புற்றும் கண்ணில் படும்.

அந்தப் பாட்டில் என்னைக் கட்டிப்போடுவது அதற்கப்புறம் வருவது. பாணர் கூட்டம் அந்த வேட்டைக்காரனைக் காட்டில் பார்க்கிறது. யாரென்று தெரியாமலே பாடுகிறார்கள். ‘கோ’ என்ற சொல் வந்ததும், அது தன்னைக் குறிக்கும் பெயர் என்பதால் அவன் வெட்கப்படுகிறான். தான் கொன்ற மானின் கொழுத்த இறைச்சியும் கள்ளும் கொடுத்து, தன் மலையில் விளைந்த பொன்னையும் மணியையும் கொடுத்து அனுப்புகிறான். 196 வெற்றிகளின் பட்டியலை வைத்துக்கொண்டு பேசுகிற நாம் இதைப் படிக்க வேண்டும்.

கொல்லிமலையில் செம்மேட்டில் ஓரிக்குக் குதிரைமேல் சிலை இருக்கிறது. ஆடியில் அரசு விழாவும் நடக்கிறது. பக்கத்தில் இருப்பவர்கள் போய்ப் பாருங்கள்.

22 அக்டோபர்

போர்வில் பற்றிக் கேட்டவருக்கு: 1545இல் மூழ்கிய ஆங்கிலேயக் கப்பல் மேரி ரோஸை 1982இல் தூக்கினார்கள். முழுசாகக் கிடைத்த வில்கள் மட்டும் 137. இழுவை 100இல் இருந்து 185 பவுண்டு வரை இருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கப்பலில் கிடைத்த எலும்புக்கூடுகள் சிலவற்றில் தோள்பட்டை எலும்பின் ஒரு பகுதி சேராமலே நின்றிருக்கிறது. சின்ன வயதிலிருந்து கன வில் இழுத்தவர்களின் தோள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அந்த ஆட்களின் பெயர் நமக்குத் தெரியாது. வெறும் பலத்தில் ஹில்லுக்கு நிகரானவர்கள் அந்த ஒரு கப்பலிலேயே நிறைய.

போப் ஒரு சோதனை செய்தார். அருங்காட்சியகத்திலிருந்து ஒரு சங்கிலிக் கவசத்தைக் கொண்டுவந்தார்கள். கவசத்தின்மேல் நம்பிக்கை வைத்த ஊழியர் தானே போட்டுக்கொண்டு நிற்கிறேன் என்றார். நல்லவேளை, போப் அதை ஒரு மரப்பெட்டிமேல் போர்த்தி 7 கஜத்திலிருந்து இரும்பு முனை அம்பை விட்டார். பொறி பறக்க அம்பு உள்ளே போய்விட்டது. ஊழியர் முகம் வெளிறிப்போனார் என்கிறார் போப்.

இன்னொரு சோதனை எனக்கு இன்னும் முக்கியம். மான்தோல் போர்த்திய பெட்டியில் மாட்டு ஈரலை நிரப்பி, ஒரே வில்லால் இரும்பு முனை அம்பையும் இஷி செய்வது போன்ற எரிமலைக் கண்ணாடி முனை அம்பையும் எய்தார். இரும்பு 22 அங்குலம். கண்ணாடி 30 அங்குலம். 45 பவுண்டு வில் எப்படிப் போதுமானதாக இருந்தது என்பதற்குப் பாதிப் பதில் இதில் இருக்கிறது. முனையின் கூர்மை. என் அம்புத்தலையை ஒவ்வொரு வேட்டைக்கும் முன்னால் கல்லில் தேய்த்து, முன்கை முடியை மழிக்கிறதா என்று பார்த்த பிறகே கூட்டில் வைக்கிறேன்.

27 அக்டோபர்

ஜப்பான் பக்கம் பேச்சு போய்விட்டது, பரவாயில்லை, எனக்கும் பிடித்த இடம். கியோட்டோ சன்ஜூசன்கெண்டோ கோயிலின் நீண்ட தாழ்வாரத்தில், கூரையிலும் தூணிலும் படாமல் 120 மீட்டர் கடந்து போகும்படி 24 மணி நேரம் எய்யும் போட்டி. 1686இல் வாசா டைஹாச்சிரோ 13,053 அம்புகள் எய்து 8,133ஐக் கடத்தினார். நிமிஷத்துக்கு ஒன்பது அம்பு, ஒரு பகல் ஒரு இரவு. சாதனை அவர் பெயரில் நிற்கிறது. ஆனால் 1669இல் ஹோஷினோ கன்சாயெமோன் எய்தது 10,542, கடந்தது 8,000. வாசாவுக்கு நூற்றுக்கு 62, ஹோஷினோவுக்கு 76. வில்லாளி என்றால் நான் ஹோஷினோ பக்கம்.

துருக்கிக்காரர்களையும் விடக்கூடாது. இஸ்தான்புல்லில் ஓக்மெய்தான் என்ற வில் மைதானத்தில் யார் எங்கிருந்து எய்து எங்கே விழுந்தது என்று கல் நட்டு வைத்தார்கள். டோஸ்கோபரான் இஸ்கந்தரின் அம்பு 1281.5 கெஸ், அதாவது ஏறக்குறைய 845 மீட்டர். எந்த வேட்டைக்கும் ஆகாத தூரம். தூரத்தையே கலையாக வளர்த்தவர்கள் அவர்கள். 185 கஜத்தைப் பெரிதாகச் சொல்பவர்கள் இந்தக் கல் முன்னால் போய் நிற்கலாம்.

30 அக்டோபர்

இன்று உயிரோடு இருப்பவர்களில் யார்? பைரன் ஃபெர்குசன், லாங்போவில் ஆஸ்பிரின் மாத்திரையை மேலே தூக்கிப் போட்டு அம்பால் அடிப்பவர். அலபாமாக்காரர், ஹில் மாதிரியே. குதிரைமேல் ஹங்கேரியின் லாயோஷ் கஷாய். அங்கே அழிந்தே போய்விட்ட ஒரு கலையைத் தன் பள்ளத்தாக்கில் இருந்து மறுபடி உலகத்துக்குப் பரப்பியவர்.

வேட்டையில் கேட்டால் ஆப்பிரிக்காவின் கலஹாரி பாலைவனத்தில் வாழும் சான் மக்களைச் சொல்வேன். வில் சின்னது, இழுவை குறைவு. வண்டுப் புழுவிலிருந்து எடுத்த விஷத்தை அம்பின் கூர்முனைக்குப் பின்னால் தடவுகிறார்கள். முனையில் தடவினால் தன் கை கீறியே சாக வேண்டிவரும். அம்பு தைத்த பெரிய மான் உடனே விழாது. ஒரு நாளோ அதற்கு மேலோ அதன் தடத்தைப் பிடித்து நடக்க வேண்டும். எத்தனையோ குளம்படிகளுக்கு நடுவே அந்த ஒரு மானின் குளம்படியை அடையாளம் காண்பதுதான் அவர்களுடைய கலை. அம்பு எய்வது அதில் சின்னப் பகுதி.

2 நவம்பர்

நேற்று மாலை ஒரு பெண்மான் கிடைத்தது. பெருமைக்கு எழுதவில்லை, மேலே பேசியதோடு சேர்ந்தது என்பதால் எழுதுகிறேன்.

ஓக் மரத்தில் பரண். முதலில் ஒரு கொம்பன் மான் வந்தது, 28 கஜத்தில் பக்கவாட்டில் நின்றது. பலகையில் அந்தத் தூரத்தில் நான் நன்றாகவே அடிப்பேன். வில்லை உயர்த்தவில்லை. காது இரண்டும் என் பக்கம் திரும்பியிருந்தது. அது போய் ரொம்ப நேரம் கழித்து, வெளிச்சம் குறையும்போது பெண்மான் 11 கஜத்தில் தலையைக் குனிந்து ஓக் கொட்டை தின்றது. முன்கால் முன்னே வைத்ததும் விட்டேன். நாணில் கம்பளி நூல் குஞ்சம் கட்டியிருக்கிறேன், வில்லுக்கும் நாணுக்கும் இடையே ஏழரை அங்குலம். அந்த அளவில்தான் என் வில் குறைவாகச் சத்தம் போடும்.

உடனே இறங்கக்கூடாது. அரை மணி பரணிலேயே உட்கார்ந்தேன். இறங்கிப் போய் முதல் இலையை எடுத்துப் பார்த்தேன். நுரை கலந்த இளஞ்சிவப்பு. நுரையீரல். கருஞ்சிவப்பாக இருந்தால் ஈரல், நாலைந்து மணி நேரம் காத்திருக்க வேண்டும். பச்சை கலந்து நாற்றம் அடித்தால் வயிறு, மறுநாள் காலை வரை கிட்டே போகக்கூடாது. நுரை என்பதால் டார்ச் அடித்துக்கொண்டு நடந்தேன். பெரணிக்குள் விழுந்து கிடந்தது.

28 கஜத்துக் கொம்பனை விட்டதைத்தான் நான் அன்றைய வேட்டையாக நினைக்கிறேன். ஹில் அதை எய்து வீழ்த்தியிருப்பார், சந்தேகமே இல்லை. எனக்கு அவர் கை இல்லை. அவர் கை இருந்தாலும், அந்தக் காதுகளுக்கு எதிராக எய்திருக்கக்கூடாது என்றே சொல்வேன்.

5 நவம்பர்

ஊரில் வேட்டையாடலாமா என்று கேட்கும் தம்பிகளுக்கு: கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, அம்பும் துப்பாக்கியும் அதற்கு ஒன்றே. ஃபீல்டு ஆர்ச்சரி இருக்கிறது, வில் பிடிக்க அது போதும்.

ராஜஸ்தானின் லிம்பா ராமை யாராவது சொல்வீர்கள் என்று எதிர்பார்த்தேன். பழங்குடிக் குடும்பம், மூங்கில் வில்லில் வளர்ந்தவர். 1992 பெய்ஜிங் ஆசிய சாம்பியன்ஷிப்பில் 30 மீட்டரில் உலக சாதனையைத் தொட்டார். மூங்கில் வில் பழகிய கண் அது. அப்படிப்பட்ட கண்கள் நம் மலைகளில் இன்னும் எத்தனை இருக்கும் என்று நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது, தேடிப் போகிறவர்கள் குறைவு.

9 நவம்பர்

கேள்வியைத் தொடங்கியவர் கடைசி ஆயுதத்தை எடுத்துவிட்டார்: “போப்போடு போன மான் வேட்டைகளில் இஷிக்கு ஒரு மானும் விழவில்லை என்று போப்பே ஒத்துக்கொள்கிறார். அப்புறம் எதை வைத்து முதலிடம்?”

அந்தப் பகுதியை நானும் பலமுறை படித்திருக்கிறேன். கிட்டத்தில் தவறிய அம்புகள் மட்டும்தான் என்கிறார் போப். அடுத்த வரியிலேயே காரணமும் சொல்கிறார்: கூட வந்தவர் புதியவர், வெள்ளைக்காரருக்கு நேரமும் இல்லை. நிதானமாக ஒரு மானுக்கு நாள் முழுக்க ஒதுக்கும் மனிதரை, ஊர் திரும்ப வேண்டிய டாக்டர் அவசரப்படுத்தியிருக்கிறார்.

எனக்குப் பெரிய சாட்சி அந்த நாற்பது வருஷம். சுற்றிலும் பண்ணைகள், துப்பாக்கியோடு தேடும் ஆட்கள். அவர்கள் கூட்டத்தில் ஒரு வெடிச்சத்தம் கேட்டால் எல்லோருக்கும் சாவு. கால் தடம் விழக்கூடாது, புகை மேலே எழக்கூடாது. ஓக் கொட்டையும் சால்மன் மீனும் இருந்தது, குடிசைகளில் புகுந்து எடுத்ததும் உண்டு. ஆனால் இறைச்சி வந்தது வில்லில். தவறினால் பசி, சத்தம் போட்டால் மரணம் என்ற நிலையில் வேட்டையாடிய ஒருவரை, காயம்பட்டால் கூட வந்தவன் ரைஃபிளால் முடித்துவைப்பான் என்ற நிலையில் வேட்டையாடியவர்களோடு எப்படிச் சமமாக வைப்பது? இதைச் சாட்சி சொல்பவரும் இலக்குப் பலகையில் இஷியை ஜெயித்தவர். தான் ஜெயித்த ஒருவரைக் காட்டில் தன் ஆசானாக வைத்துக்கொண்டார் போப்.

10 நவம்பர்

பட்டியல் கேட்கிறார்கள். எய்வதில்: ஹில், ஹோஷினோ, ஃபெர்குசன். வேட்டையில்: இஷி, சான் வேட்டைக்காரர்கள், பேர், அதற்கப்புறம் ஹில். ஓரியை நான் வரிசையில் வைக்கவில்லை, அவரை எடைபோட எனக்குத் தகுதி கிடையாது.

ஹில் பக்கம் நிற்பவர்களுக்கு ஒன்று. அந்த 185 கஜ எல்க்கை வைத்து வாதாடாதீர்கள். அவர் புதருக்குள் ஊர்ந்து கிட்டே போய் எய்த வேட்டைகளும் அவர் எழுதியதில் இருக்கின்றன. அவற்றை எடுத்துப் போடுங்கள், அங்கிருந்து பேசலாம். சீசன் இன்னும் நாலு நாள் இருக்கிறது, பதில் இரவில்தான் வரும்.